டார்வின் மகனுக்கு எழுதியதாகச் சுற்றும் அந்த வரி உண்மையா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: "புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிற மனிதனை உருவாக்குவது எது என்று டார்வின் தன் மகனுக்கு எழுதினார்" என்று ஒரு வரி வாட்ஸாப்பில் வருகிறது. அது நிஜமா? விக்டோரியா காலத்து விஞ்ஞானி அப்பாக்கள் படிக்கிற பிள்ளைகளுக்கு என்னதான் எழுதினார்கள்? இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்கள் பையனுக்கு அதை அனுப்பினால் பிரயோஜனம் உண்டா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும், உங்கள் மனசில் இருப்பது கடைசிக் கேள்விதான் என்று தோன்றுகிறது. ஆனால் முதல் இரண்டையும் பார்க்காமல் அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியாது. நான் அறிவியல் வரலாறு பாடம் நடத்துகிறவன். டார்வினின் கடிதங்களைப் பல வருடங்களாக வாசித்தும் வகுப்பில் வாசிக்கக் கொடுத்தும் வருகிறேன். எனக்குப் பிடித்த விஷயம் என்பதால் பதில் கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

அந்த வரி உண்மை. 1871 டிசம்பர் 15 அன்று, அப்போது கென்ட் மாவட்டத்தில் இருந்த டவுன் என்ற கிராமத்து வீட்டிலிருந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகன் ஹோரஸுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. ஹோரஸுக்கு அப்போது 20 வயது. டார்வினின் மகள் ஹென்ரியட்டா குடும்பக் கடிதங்களைத் தொகுத்தபோது இதையும் சேர்த்தார். அந்தத் தொகுப்பு 1904இல் உறவினர்களுக்காக மட்டும் அச்சாகி, 1915இல் பொதுவாக வெளிவந்தது. இன்று கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் பதிப்பித்த 30 தொகுதிகளிலும் இணையத்திலும் டார்வினின் கடிதங்களை யாரும் படிக்கலாம். அதனால் "யாரோ கட்டிவிட்டது" என்ற சந்தேகம் வேண்டாம்.

ஆனால் சுற்றுகிற வரி, கடிதத்தின் நடுவிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. முழுக் கடிதம் எப்படிப் போகிறது என்று என் வார்த்தையில் சொல்கிறேன். முதலில் சந்தோஷம்: நம்ம ஜார்ஜிடமிருந்து (ஹோரஸின் அண்ணன்) இப்போதுதான் கார்டு வந்தது, நீ அந்தப் பாழாய்ப்போன லிட்டில் கோவைத் தாண்டிவிட்டாயாம், எங்களுக்கு அவ்வளவு மகிழ்ச்சி. அப்புறம் விடுதலை: இனிமேல் உன் திறமை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போகலாம், கணக்கிலும் அறிவியலிலும் உன் உடம்பு தாங்குகிற அளவுக்கு உழைக்கலாம். அதற்குப் பிறகுதான் அந்தப் புகழ்பெற்ற பகுதி: யாரும் கண்டுபிடிக்காததைக் கண்டுபிடிக்கிறவனாக ஒரு மனிதனை ஆக்குவது எது என்று நேற்று ராத்திரி யோசித்துக்கொண்டிருந்தேன், பெரிய புதிராக இருக்கிறது. கண்டுபிடிக்கிறவர்களைவிட எவ்வளவோ கெட்டிக்காரர்கள் புதிதாக எதையுமே செய்வதில்லை. நடக்கிற ஒவ்வொன்றுக்கும் காரணமும் பொருளும் என்ன என்று தேடுவதை வழக்கமாக்கிக்கொள்வதில்தான் அந்தக் கலை இருக்கிறது என்று ஊகிக்கிறேன். அதற்குக் கூர்மையான கவனிப்பு வேண்டும், எடுத்துக்கொண்ட விஷயத்தைப் பற்றி முடிந்தவரை அறிவும் வேண்டும். கடைசியில், இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை, மனசு நிறைந்திருப்பதால் எழுதுகிறேன், நீ இந்தக் கரிப்டிஸைக் கடந்துவிட்டாய் என்பதில் அவ்வளவு சந்தோஷம் என்று முடிக்கிறார். கரிப்டிஸ் என்பது கிரேக்கக் காவியத்தில் கப்பல்களை விழுங்கும் நீர்ச்சுழல்.

லிட்டில் கோ என்ன என்று தெரிந்தால்தான் இந்தக் கடிதத்தின் உணர்ச்சி புரியும். அது கேம்பிரிட்ஜில் எல்லா மாணவர்களும் எழுத வேண்டியிருந்த முதல்கட்டத் தேர்வு. கிரேக்கம், லத்தீன், கிறிஸ்தவத்துக்கான சான்றுகள் பற்றி இறையியலாளர் பேலி எழுதிய புத்தகம், கொஞ்சம் கணக்கு. இயந்திரங்களில் ஆசை வைத்திருக்கிற பையனாக இருந்தாலும் கிரேக்கம் எழுதித்தான் ஆக வேண்டும். கேம்பிரிட்ஜில் கிரேக்கம் கட்டாயம் என்ற விதி 1919இல்தான் நீங்கியது. டார்வினும் 1830இல் இதே தேர்வை எழுதியவர். ஆக, தேர்வை வெறுத்த ஓர் அப்பா, தேர்வில் தேறிய மகனைக் கொண்டாடி எழுதிய கடிதம் இது. கட்டாயப் படிப்பு முடிந்தது, இனிமேல்தான் உன் படிப்பு ஆரம்பம் என்ற இடத்தில்தான் "காரணத்தைத் தேடு" என்ற எண்ணம் வந்து விழுகிறது. இந்தப் பின்னணியை எடுத்துவிட்டு அந்த வரியை மட்டும் படித்தால், மேடையில் நின்று உபதேசம் செய்கிற ஒருவரின் குரல் கேட்கும். கடிதத்தில் இருக்கிற குரலோ, முந்தின ராத்திரி ஒரு கேள்வியை யோசித்துக்கொண்டிருந்தவர், மறுநாள் அதை மகனோடு பகிர்ந்துகொள்கிற குரல்.

அப்போது அவருக்கு 62 வயது. மனிதனின் தோற்றம் பற்றிய பெரிய புத்தகம் அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் வெளிவந்திருந்தது. உலகப் புகழ் வந்துவிட்ட மனிதர், கண்டுபிடிப்பது எப்படி என்று நான் சொல்லித்தருகிறேன் என்று எழுதவில்லை. "புதிர்" என்கிறார், "ஊகிக்கிறேன்" என்கிறார். வாட்ஸாப் வடிவத்தில் முதலில் விழுந்துபோவது இந்த இரண்டு சொற்கள்தான். அடுத்து விழுவது "முடிந்தவரை அறிவு வேண்டும்" என்ற பகுதி. ஆர்வம் இருந்தால் போதும், பாடம் படிக்க வேண்டாம் என்று அர்த்தம் வருகிற மாதிரி சிலர் இதைப் பயன்படுத்துவதைப் பார்க்கிறேன். டார்வின் அப்படிச் சொல்லவே இல்லை. பாறைகளிலும் கப்பல்களின் அடியிலும் ஒட்டி வாழும் பார்னக்கிள் என்ற சிறு கடலுயிர்களை மட்டும் எட்டு வருடம் அறுத்து அறுத்துப் பார்த்தவர் அவர்.

இதுவரை சொன்னது கடிதத்தில் உள்ளது. இனி என் கருத்து, அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பொதுவாகக் கண்டுபிடிப்பாளர்களைப் பற்றி எழுதுவதாகச் சொன்னாலும், தன்னைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார் என்று நினைக்கிறேன். ஐந்து வருடம் கழித்து, 1876இல் பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கைக் குறிப்பை எழுதியபோது, சட்டென்று புரிந்துகொள்கிற வேகம் தனக்கு இல்லை என்றும், எளிதில் கவனத்துக்குத் தப்புகிறவற்றைக் கவனிப்பதிலும் அவற்றை உன்னிப்பாகப் பார்ப்பதிலும்தான் சாதாரண மனிதர்களைவிட மேலானவன் என்றும் சொல்கிறார். தன் கருத்துக்கு எதிரான ஒரு உண்மை கண்ணில் பட்டால் உடனே எழுதி வைத்துவிடுவாராம், ஏனென்றால் அப்படிப்பட்டவைதான் சீக்கிரம் மறந்துபோகின்றன. கெட்டிக்காரத்தனம் வேறு, கண்டுபிடிக்கும் குணம் வேறு என்று ஹோரஸுக்கு எழுதியதும் இதுவும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஹோரஸ் சின்ன வயதிலிருந்து அடிக்கடி நோயில் விழுந்த பிள்ளை. அப்படிப்பட்ட மகனிடம், மிகவும் கெட்டிக்காரனாக இருக்க வேண்டிய அவசியமில்லை, நானும் அப்படி இல்லை என்று ஓர் அப்பா சொல்லாமல் சொல்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது. வேறு விதமாகப் படிக்கவும் இடம் உண்டு.

டார்வினின் அப்பா அவரிடம் எப்படிப் பேசினார் என்பதும் இங்கே முக்கியம். மருத்துவரான ராபர்ட் டார்வின் ஒருமுறை, "சுடுவதும் நாய்களும் எலி பிடிப்பதும் தவிர உனக்கு எதிலும் அக்கறை இல்லை, உனக்கும் குடும்பத்துக்கும் நீ அவமானம்தான் தேடித்தருவாய்" என்று திட்டியிருக்கிறார். டார்வின் இதை ஆழ்ந்த வருத்தத்தோடு நினைவுகூர்கிறார். நான் அறிந்தவர்களிலேயே மிகவும் அன்பான மனிதர் என் அப்பா, அன்று ஏதோ கோபத்தில் கொஞ்சம் அநியாயமாகச் சொல்லிவிட்டார் என்றும் சேர்த்துக்கொள்கிறார். டார்வின் எடின்பரோவில் மருத்துவப் படிப்பைப் பாதியில் விட்டவர். ஷ்ரூஸ்பரி பள்ளியின் கிரேக்க லத்தீன் படிப்பைவிடத் தன் மூளை வளர்ச்சிக்குக் கேடானது எதுவும் இருந்திருக்க முடியாது என்று எழுதியவர். கணக்கிலும் தடுமாறியவர். அதன் அடிப்படைகளையாவது புரிந்துகொள்ளும் அளவுக்குப் படிக்கவில்லையே, அது தெரிந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு புலன் இருப்பது போலத் தெரிகிறதே என்று பின்னாளில் வருந்தினார். ஹோரஸிடம் "கணக்கிலும் அறிவியலிலும்" என்று எழுதியபோது அந்த வருத்தம் அதில் இல்லாமல் இருக்காது.

இவ்வளவு வெறுத்தும் தன் மூத்த மகன் வில்லியத்தை 1852இல் அதே கிரேக்க லத்தீன் படிப்பு நடந்த ரக்பி பள்ளிக்குத்தான் அனுப்பினார். அந்தப் பழைய அச்சில் வார்த்த முட்டாள்தனமான படிப்பை என்னைவிட யாரும் வெறுக்க முடியாது, ஆனாலும் அதை உடைத்துக்கொண்டு வெளியே வர எனக்குத் தைரியம் வரவில்லை என்று நண்பர் ஃபாக்ஸுக்கு எழுதினார். நம் காலத்து அப்பா அம்மாக்கள் நிறையப் பேர் இந்த வாக்கியத்தில் தங்களைப் பார்ப்பார்கள்.

வில்லியத்துக்கு எழுதியவற்றில் நான் வகுப்பில் அடிக்கடி எடுப்பது 1851 அக்டோபர் 3 தேதியிட்ட கடிதம். ரக்பிக்குப் போவதற்கு முன் வேறொரு பள்ளியில் இருந்தபோது வந்தது. பையனுக்கு 11 வயது. அதில் படிப்பைப் பற்றிய உபதேசம் முக்கியமில்லை. மற்றவர்களின் அன்பைப் பெறுவதுதான் வாழ்க்கையில் மிகப் பெரிய இன்பம் என்று நீயே தெரிந்துகொள்வாய், அது நீ உள்ளுக்குள் நல்லவனாக இருப்பதைவிட இனிமையாகப் பழகுவதில்தான் அதிகம் இருக்கிறது என்கிறார். நீ எப்போதும் நல்ல மனசுக்காரன்தான், முகத்தை உம்மென்று வைத்துக்கொள்கிறாய், அதை மாற்றுவது சுலபம் என்கிற தொனி. வழியும் சொல்கிறார்: உன் பக்கத்தில் வருகிற ஒவ்வொருவரையும், கூடப் படிக்கிறவர்களையும் வேலைக்காரர்களையும், சந்தோஷப்படுத்தப் பார். வேலைக்காரர்களையும் தனியாகக் குறிப்பிட்டுச் சேர்த்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். வசதியான வீட்டுப் பையனுக்கு 1851இல் எழுதியது அது. இந்தக் கடிதத்தின் தேதியையும் கவனியுங்கள். அதே ஆண்டு ஏப்ரலில்தான் அவருடைய பத்து வயது மகள் ஆனி இறந்துபோயிருந்தாள். சில வாரங்களில் ஹோரஸ் பிறந்தான். அன்பைப் பற்றி அந்த இலையுதிர் காலத்தில் அவர் எழுதியதற்கும் ஆனியின் மரணத்துக்கும் தொடர்பு உண்டு என்று கடிதத்தில் எங்கும் இல்லை. அப்படிச் சொல்கிறவர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள். எனக்கும் அந்த எண்ணம் வருகிறது, ஆனால் எண்ணம் ஆதாரம் ஆகாது.

வில்லியம் 1858இல் கேம்பிரிட்ஜில், அப்பா படித்த அதே கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் சேர்ந்தபோது வந்த கடிதத்தில் டார்வின் உபதேசத்தையே மறந்துவிடுகிறார். பழைய முற்றம், நடு மாடிப்படி, முற்றத்துக்குள் நுழையும்போது வலது கைப்பக்கம், ஒரு மாடி ஏறினால் வலது பக்கக் கதவு, அருமையான அறைகள் அவை என்று, முப்பது வருடத்துக்கு முன் தான் இருந்த அறைக்கு வழி சொல்கிறார். அந்த அக்டோபரில் அவர் உயிரினங்களின் தோற்றம் பற்றிய நூலுக்கான எழுத்து வேலையில் மூழ்கியிருந்தார். அதே கருத்தைத் தனியாகக் கண்டடைந்திருந்த வாலஸின் கட்டுரையும் இவருடைய குறிப்புகளும் லண்டனில் சேர்த்து வாசிக்கப்பட்டு மூன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நெருக்கடிக்கு நடுவிலும் அறைக்கு வழி.

ஜார்ஜ் விஷயம் வேறு. அவர் 1868இல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் இரண்டாம் இடம் பிடித்தார். தந்தி காலை பதினோரு மணிக்கு வந்தது. டார்வினின் பதில் சின்னது: மனசார வாழ்த்துகிறேன், உன் சுறுசுறுப்பும் விடாமுயற்சியும் திறமையும் ஜெயிக்கும் என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன், ஆனால் இவ்வளவு பெரிய வெற்றியை எதிர்பார்க்கவில்லை, கை நடுங்குகிறது, எழுதக்கூட முடியவில்லை. இதில் அறிவுரையே இல்லை. ஆனால் 1873இல் ஜார்ஜ், மாணவர் நிலையைத் தாண்டிக் கல்லூரி ஆய்வாளராக இருந்தபோது, மதம் பற்றித் தான் எழுதியதை வெளியிடலாமா என்று கேட்டார். அப்போது டார்வின் நேரடியாகவே அறிவுரை சொன்னார்: பொறு, பொறு, பொறு. பைபிளுக்கு எதிராக ஒரு வார்த்தையும் சொல்லாமலே பிரளயக் கதை மீதான நம்பிக்கையை நான் அதிகமாக அசைத்துவிட்டேன் என்று புவியியலாளர் லயல் உறுதியாக நம்புகிறார் என்று எடுத்துக்காட்டினார். நேரடித் தாக்குதல்களால் நிலையான பலன் குறைவு, பக்கவாட்டில் மெதுவாகவும் சத்தமில்லாமலும் செய்வதுதான் பலிக்கிறது என்பது அவர் கருத்து. இது ஞானமா, எச்சரிக்கையா, பயமா என்று இன்றும் அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு அறிவுரையோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. தனக்குப் பொருந்திய நிதானத்தை மகனுக்கும் அவர் அளந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலத்து எல்லா விஞ்ஞானி அப்பாக்களும் இப்படித்தான் எழுதினார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கிளாஸ்கோவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜேம்ஸ் தாம்சன், 1841இல் கேம்பிரிட்ஜ் போன மகன் வில்லியமுக்கு எழுதியவை வேறு ரகம். செலவுக் கணக்கு கேட்பார், சகவாசம் பற்றி எச்சரிப்பார். பையன் நண்பரோடு சேர்ந்து ஒரு படகு வாங்கிவிட்டான் என்று தெரிந்ததும் கலங்கிப் போனார். கிளாஸ்கோவில் காலியாகப் போகும் பேராசிரியர் பதவி மகனுக்குக் கிடைக்க வேண்டும் என்ற திட்டம் அந்தக் கவலைக்குப் பின்னால் இருந்தது. வில்லியம் படகும் ஓட்டினார், 1845இல் இரண்டாம் இடத்திலும் தேறினார், 22 வயதில் அந்தப் பதவியும் கிடைத்தது. பின்னாளில் கெல்வின் பிரபு ஆனவர் இவர்தான். கண்டிப்பான அப்பாவின் பிள்ளையும் ஜெயித்தார், செல்லம் கொடுத்த அப்பாவின் பிள்ளைகளும் ஜெயித்தார்கள். ஆகவே டார்வினின் கடிதம்தான் பிள்ளைகளை உருவாக்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணம், ஓய்வு, புத்தகங்கள், வீட்டுக்கு வந்துபோன தாவரவியலாளர் ஹூக்கர், வங்கியாளரும் விஞ்ஞானியுமான லப்பக் போன்ற மனிதர்கள் என்று அந்தப் பிள்ளைகளைச் சுற்றி இருந்ததெல்லாம் சாதாரணமானதல்ல. டார்வினின் மகன் வில்லியம் சவுத்தாம்ப்டனில் வங்கிப் பங்குதாரர் ஆனதே பக்கத்து வீட்டு லப்பக்கின் உதவியால்தான்.

ஹோரஸ் என்ன ஆனார்? அவர் புதுக் கொள்கை எதையும் கண்டுபிடிக்கவில்லை. படித்து முடித்ததும் கென்டில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்றார். 1881இல் நண்பருடன் சேர்ந்து கேம்பிரிட்ஜ் அறிவியல் கருவி நிறுவனத்தைத் தொடங்கினார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகத் திசுக்களை மெல்லிய படலங்களாகச் சீவும் கருவி ஒன்று 1885இல் அங்கிருந்து வந்தது. பல பத்தாண்டுகள் ஆய்வகங்கள் அதைப் பயன்படுத்தின. அப்பாவுக்காக அவர் செய்த ஒரு கருவி எனக்கு இன்னும் பிடிக்கும். மண்புழுக்கள் மண்ணை மேலே கொண்டுவருவதால் நிலத்தில் கிடக்கும் கல் எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறது என்று டார்வின் அறிய விரும்பினார். டவுன் வீட்டுப் புல்வெளியில் நடுவில் துளையிட்ட ஒரு வட்டக் கல்லை வைத்து, அசையாமல் ஆழத்தில் நிறுத்திய உலோகக் கம்பிகளின் முனையிலிருந்து கல் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று அளக்கும் கருவியை ஹோரஸ் செய்தார். ஆண்டுக்கு சுமார் 2 மில்லிமீட்டர் என்று கணக்கு வந்தது. நடக்கிறதற்கெல்லாம் காரணம் தேடுவது அப்பாவின் வேலை என்றால், அதை அளந்து காட்டும் வேலை மகனுடையதாக ஆனது.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியே "மகனுக்கு" என்றுதான் இருக்கிறது, அதற்குக் காரணம் உண்டு. ஐந்து மகன்களும் வெளியே படிக்கப் போனார்கள், அதனால் கடிதங்கள் போயின. மகள்கள் ஹென்ரியட்டாவும் எலிசபெத்தும் பெரும்பாலும் வீட்டிலேயே படித்தார்கள். கல்லூரி அறைக்கு வழி சொல்லும் கடிதம் அவர்களுக்கு வர வாய்ப்பே இல்லை. ஆனால் மனிதனின் தோற்றம் பற்றிய நூலின் கைப்பிரதியைத் திருத்தித் தரச் சொல்லி டார்வின் கேட்டது ஹென்ரியட்டாவைத்தான். அவர் திருத்தங்களை மனம் திறந்து பாராட்டி எழுதினார். ஹோரஸுக்கான கடிதத்தை அச்சில் காப்பாற்றித் தந்ததும் அவர்தானே. உங்களுக்கு மகளும் இருந்தால் அவளுக்கும் சேர்த்தே அனுப்புங்கள்.

சரி, பையனுக்கு அனுப்பலாமா? தாராளமாக அனுப்பலாம், ஆனால் அந்த ஒற்றை வரியை அல்ல, கடிதம் முழுவதையும். சின்னக் கடிதம்தான், இரண்டு நிமிடத்தில் படித்துவிடலாம். பரீட்சைக்கு முந்தின வாரம் அனுப்ப வேண்டாம். டார்வின் எழுதியது முடிவு வந்த பிறகு, பையன் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்தில். அரியர் ஏதாவது இருந்தால் அது முடியட்டும். அதோடு உங்கள் சொந்த வரி ஒன்றையாவது சேர்த்து எழுதுங்கள். சமீபத்தில் உங்களைத் தூங்கவிடாமல் செய்த ஒரு கேள்வி, வேலையில் புரியாமல் இருக்கிற ஏதோ ஒன்று, எதுவானாலும் சரி. அவன் பதில் போடவில்லை என்றாலும் அடுத்ததை எழுதுங்கள்.